வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் கழித்துப் போய்ச் சேரலாமா, ஜனவரிக்குத் தள்ளிவைக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் உங்கள் முதுகலை வகுப்புகள் ஆகஸ்ட் 25, திங்கட்கிழமை தொடங்கிவிட்டன. கூடுதல் பரிசீலனைக்காக நிறுத்திவைத்திருந்த விசா 26-ஆம் தேதிதான் கைக்கு வந்தது. 29-ஆம் தேதி கிளம்பினீர்கள். முதல் விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானதில் இணைப்பு விமானம் போய்விட்டது. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் இரண்டாவது விமான நிறுவனம் கையை விரித்துவிட்டது. வெளியே வந்து தங்க அந்த நாட்டு விசாவும் இல்லை. ஒன்றரை நாள் விமான நிலைய நாற்காலியில் கழித்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறீர்கள். அடுத்த டிக்கெட் செப்டம்பர் 6-க்கு. துறைக்கு ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. ‘இவ்வளவு பிந்திப் போய்ச் சமாளிக்க முடியுமா, பேசாமல் ஜனவரிக்கு மாற்றிக்கொள்ளட்டுமா?’ என்பது கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், அனுமதிக் கடிதத்தில் ‘செப்டம்பர் 5-க்குள் வந்து சேர வேண்டும்’ என்று இருப்பதையும் குறிப்பிட்டு, ஒரு நாள்தானே என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது படிப்பில் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம். அதற்குப் பதில் இருக்கிறது, கீழே விரிவாகவே சொல்கிறேன். ஆனால் உங்கள் சேர்க்கையைத் தீர்மானிக்கப்போவது அந்தக் கடைசி வரி. அதை முதலில் முடித்துவிட்டு மற்றதற்கு வருவோம். நான் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்பிக்கிறவன். அதில் ஒன்பது ஆண்டுகள் துறையின் முதுகலை மாணவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்தேன். ஒவ்வொரு செப்டம்பரிலும் இப்படி இரண்டு மூன்று பேராவது வந்துவிடுவார்கள். நானே மாணவனாக வந்தபோது பதினொரு நாள் பிந்தி வந்தவன். குடிவரவுச் சட்டம் என் தொழில் அல்ல. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தோடு சேர்ந்து வேலை செய்து கற்றுக்கொண்டதுதான். அதனால் விசா பற்றி இங்கே நான் சொல்லும் எதையும் உங்கள் பல்கலைக்கழகத்தின் அந்த அலுவலகத்திடம் உறுதி செய்துகொண்ட பிறகே செயல்படுத்துங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய தேதிகள் மூன்று. முதலாவது, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் உங்களுக்குக் கொடுத்த ஐ-20 படிவத்தில் அச்சிட்டிருக்கும் படிப்பு தொடங்கும் தேதி. அது தாண்டிவிட்டது. இரண்டாவது, பல்கலைக்கழகம் தானாக வைத்திருக்கும் கடைசி வருகைத் தேதி, உங்களுக்கு செப்டம்பர் 5. மூன்றாவது, அரசின் கெடு. புதிதாக வரும் எஃப்-1 (மாணவர் விசா வகை) மாணவரைப் படிப்பு தொடங்கும் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் பல்கலைக்கழகம் செவிஸ் என்ற அரசுப் பதிவேட்டில் சேர்ந்துவிட்டார் என்று பதிவு செய்தாக வேண்டும். உங்கள் ஐ-20-இலும் ஆகஸ்ட் 25 என்றே இருந்தால் அது செப்டம்பர் 24 வரை. ஆக, அரசின் கெடு இன்னும் கையில் இருக்கிறது. உங்களுக்கு இடிப்பது பல்கலைக்கழகத்தின் தேதிதான். அவர்கள் வைத்த தேதியை அவர்களே தளர்த்த முடியும், தளர்த்தியும் பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்டு வாங்க வேண்டும், எழுத்தில் வாங்க வேண்டும். ‘ஒரு நாள்தானே’ என்று நீங்களாக முடிவு செய்துகொண்டு விமானம் ஏறக் கூடாது. படிப்பு தொடங்கும் தேதிக்குப் பிறகு வந்து இறங்கும் மாணவரைப் பார்த்துக் குடிவரவு அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, ‘நீ வருவது உன் பல்கலைக்கழகத்துக்குத் தெரியுமா?’ என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக நீட்டுவதற்கு உங்களிடம் ஒரு தாள் இருக்க வேண்டும்: புதிய தேதி போட்ட ஐ-20, அல்லது பிந்தி வர அனுமதிக்கும் கடிதம். இவற்றில் எது என்பதை அலுவலகம் முடிவு செய்யும்.

பதில் வராததற்கு வருவோம். செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை. ஞாயிறு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைத் திங்களும் யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அந்த மௌனத்தில் எந்த அர்த்தமும் இல்லை, அதை வைத்து மனத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்று செவ்வாய். அங்கே காலை ஒன்பது மணி ஆனதும் தொலைபேசியில் அழையுங்கள். மின்னஞ்சலோடு நிற்காதீர்கள். விடுமுறைக்கு அடுத்த நாள் காலை ஓர் ஆலோசகரின் பெட்டியில் நூற்றுக்கணக்கில் கடிதங்கள் குவிந்திருக்கும். துறையை அழைப்பதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை அழையுங்கள். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். துறைத் தலைவர் எவ்வளவு அன்பாக ‘வாருங்கள்’ என்று சொன்னாலும் ஐ-20-இல் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அது அந்த அலுவலகத்தில் அதற்கென்று நியமிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே உண்டு.

பேசி முடித்த கையோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐந்து வரி போதும்: உங்கள் பெயர், மாணவர் எண், செவிஸ் எண், விசா கிடைத்த தேதி, விமானம் தவறிய தேதியும் அதற்கான சான்றும், புதிய டிக்கெட்டின் தேதியும் இறங்கும் நேரமும், ‘செப்டம்பர் 5-க்குப் பிறகு வர எழுத்துமூலம் அனுமதி தர இயலுமா’ என்ற ஒற்றைக் கேள்வி. விமான நிலையத்தில் பட்ட பாட்டை அதில் எழுத வேண்டாம். உங்கள் துயரம் சிறியது என்பதற்காகச் சொல்லவில்லை. படிப்பவர் கேள்வியைத் தேட வேண்டிய நிலை வந்தால் பதில் பிந்தும், உங்களிடம் நாட்கள் இல்லை.

முடிந்தால் டிக்கெட்டை 3 அல்லது 4-ஆம் தேதிக்கு முன்னே கொண்டுவாருங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் அந்தப் பணம் வீண் இல்லை. 6-ஆம் தேதி சனிக்கிழமை. அலுவலகம் மூடியிருக்கும், பல விடுதிகளில் சாவி வாங்குவதே சிரமம். வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தால் கெடுவும் தப்பும், அன்றே பதிவு வேலையும் முடியும். முன்னே கொண்டுவர முடியாவிட்டால் 6-ஆம் தேதியே போகலாம், கையில் அந்தத் தாள் வந்துவிட்ட பிறகு. இந்த முறை முழுப் பயணமும் ஒரே முன்பதிவில் இருக்கட்டும். ஒரே முன்பதிவாக இருந்தால், முதல் விமானம் தாமதித்து இணைப்பு தவறினாலும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை; அதைத்தான் நீங்கள் அனுபவித்துவிட்டீர்கள். இன்னொன்று, வழியில் மாற்று விமானம் தருகிறேன் என்று வேறொரு நாட்டின் வழியாக அனுப்பப் பார்த்தால், அந்த நாட்டில் விமானம் மாற உங்கள் கடவுச்சீட்டுக்கு இடைவழி விசா தேவையா என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். களைப்பில் எதற்கும் தலையாட்டத் தோன்றும்.

அமெரிக்காவுக்குள் நீங்கள் முதலில் இறங்கும் விமான நிலையத்தில்தான் பொதுவாகக் குடிவரவுச் சோதனை நடக்கும், நீங்கள் போய்ச் சேரும் ஊரில் அல்ல. பெட்டிகளையும் அங்கேயே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஆகவே அங்கிருந்து கிளம்பும் அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு, நீங்கள் கையெழுத்திட்ட ஐ-20, செவிஸ் கட்டண ரசீது, அனுமதிக் கடிதம், பணத்துக்கான ஆதாரம், பிந்தி வரும் அனுமதி எல்லாம் கைப்பையில். ஒரு தாள்கூடப் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. உள்ளே வந்த பிறகு உங்கள் ஐ-94 வருகைப் பதிவை இணையத்தில் எடுத்து, பெயரும் எஃப்-1 என்ற வகையும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் அந்த வாரமே சொல்லித் திருத்திக்கொள்வது எளிது. ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் அலைச்சல்.

இனி உங்கள் நிஜமான பயம். இரண்டு வாரம் என்று கேட்டால் மலைப்பாக இருக்கிறது. அதை உடைத்துப் பார்ப்போம். மூன்று கிரெடிட் பாடம் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 75 நிமிடம். நீங்கள் செப்டம்பர் 8, திங்கட்கிழமை வகுப்பில் உட்காருகிறீர்கள் என்று வையுங்கள். திங்கள், புதன் நடக்கும் பாடத்தில் நேற்றைய விடுமுறை போக மூன்று வகுப்புகள் தவறியிருக்கும். செவ்வாய், வியாழன் நடக்கும் பாடத்தில் நான்கு. மூன்று பாடங்கள் எடுத்தால் மொத்தம் பத்து அல்லது பதினொரு வகுப்புகள், பதினான்கு மணி நேரத்துக்கு உட்பட்ட உரைகள். பதினைந்து வாரம் ஓடும் ஒரு செமஸ்டரில் நீங்கள் இழப்பது இவ்வளவுதான். முதல் வாரத்தின் ஒரு பகுதி அறிமுகத்திலும் பழைய பாடத்தை நினைவூட்டுவதிலும் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடம் இதைவிடக் கனமான பாக்கி என்பது உண்மை. அதை எப்படி அடைப்பது என்று பிறகு சொல்கிறேன். பத்து வாரமே ஓடும் காலாண்டு முறையில் இரண்டு வாரம் போனால் என் பதில் வேறாக இருந்திருக்கும். நல்லவேளையாக அந்த முறையில் இயங்கும் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் செப்டம்பர் பிற்பகுதியில்தான் தொடங்குகின்றன.

ஜனவரிக்குத் தள்ளிவைப்பது பத்திரமான வழி போலத் தெரிகிறது. வெளியே தெரியாத விலை அதற்கு உண்டு, நண்பர்கள் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பல துறைகளில் அடிப்படைப் பாடத்தின் முதல் பாகம் ஆகஸ்டில் மட்டும்தான் நடக்கும், இரண்டாம் பாகம் ஜனவரியில். ஜனவரியில் வருகிறவருக்கு முதல் பாகம் இல்லாமல் இரண்டாம் பாகம் எடுப்பதா, அல்லது ஓரமான பாடங்களை எடுத்துக்கொண்டு அடுத்த ஆகஸ்டுக்குக் காத்திருப்பதா என்ற சங்கடம். இரண்டு வாரப் பாக்கியிலிருந்து தப்பிக்கப் போய் அரை ஆண்டுப் பாக்கியில் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது கோடைக்காலப் பயிற்சி வேலை. படிப்போடு சேர்ந்த அந்த வேலைக்கான சிபிடி அனுமதி கிடைக்க, பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகஸ்டில் தொடங்கியவருக்கு மே மாதத்தோடு இரண்டு செமஸ்டர்கள் முடிந்துவிடும். ஜனவரியில் தொடங்கியவருக்கு ஒன்றுதான் ஆகியிருக்கும், ஆகவே அந்தக் கோடை கைநழுவிப் போகும். பாடத்திட்டமே தொடக்கத்திலிருந்து பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கும் படிப்புகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அவை குறைவு. அடுத்த கோடை வர மேலும் ஓராண்டு ஆகும். வேலை தேடும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் முதல் கோடையை அலட்சியமாக விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆகவே அனுமதி எழுத்தில் கிடைக்குமானால் இப்போதே போங்கள் என்பதுதான் என் கருத்து. இதை நான் தயங்காமல் சொல்கிறேன். தள்ளிவைப்பதே சரி என்று சொல்லும் இடங்களும் உண்டு. அலுவலகம் செப்டம்பர் 5-க்குப் பிறகு முடியாது என்று சொல்லி, டிக்கெட்டும் முன்னே கிடைக்காமல் போனால் விவாதத்துக்கே இடமில்லை. பாடங்களைச் சேர்க்கும் கடைசி நாள் முடிந்து, உங்களுக்கு வேண்டிய பாடங்களில் இடம் இல்லையென்றாலும் அப்படியே. வேறு பாடங்களை எடுத்து எண்ணிக்கையை நிரப்பினால் அந்தக் கட்டணம் உங்கள் படிப்புக்கு உதவாது. முதல் செமஸ்டர் முழுவதும் ஆய்வகத்தில் குழுவாகச் செய்யும் வேலை என்றால் குழுக்கள் ஏற்கெனவே பிரிந்திருக்கும், அதையும் கேட்டுவிடுங்கள். உடல்நிலையோ வீட்டு நிலையோ இடம் கொடுக்காவிட்டால் அதைவிட வேறு காரணம் தேவையில்லை.

அப்படித் தள்ளிவைத்தாலும் ஜனவரியா, அடுத்த ஆகஸ்டா என்று கேளுங்கள். பாடங்களின் வரிசை காரணமாகச் சில துறைகள் ஜனவரியில் ஆளே எடுப்பதில்லை. அதே செவிஸ் எண்ணை வைத்துக்கொண்டு அலுவலகம் தேதியை மட்டும் மாற்றினால் 350 டாலர் செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டியதில்லை. விசாவும் பொதுவாக அப்படியே செல்லும், புதிய ஐ-20-ஐ உடன் வைத்திருக்க வேண்டும். புதிய தேதிக்கு 30 நாட்களுக்கு முன்னால் நாட்டுக்குள் நுழைய முடியாது என்பதை மனத்தில் வைத்து டிக்கெட் எடுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி நிதியுதவி. கற்பித்தல் உதவியாளர், ஆராய்ச்சி உதவியாளர் பணி கிடைத்திருந்தால், சேர்க்கையைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்ட துறை அந்தப் பணியையும் வைத்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பணிகளுக்கு ஏற்கெனவே வேறு ஆள் போட்டிருப்பார்கள். சேர்க்கை ஒரு முடிவு, நிதி வேறொரு முடிவு. என் துறையிலேயே ஒன்றுக்கு ஆம் என்றும் மற்றொன்றுக்கு இல்லை என்றும் கடிதம் அனுப்ப வேண்டி வந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாகப் பதில் வாங்குங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு இரண்டு மாணவர்களைச் சொல்கிறேன். ஒருவர் பதினாறு நாள் பிந்தி வந்தார். ஒரு வியாழக்கிழமை மாலை, விமான நிலையத்திலிருந்து நேராக என் அறைக்கு வந்தார். பெட்டியின் ஒரு சக்கரம் உடைந்து, நடைவழி முழுக்க அது தரையில் உராயும் சத்தம் அவருக்கு முன்னால் வந்தது. ஆனால் அதற்குள் மூன்று பேராசிரியர்களுக்கும் எழுதியிருந்தார், முதல் வீட்டுப்பாடத்துக்குப் புதிய தேதிகள் கையில் இருந்தன. இன்னொருவர் ஆறே நாள்தான் தாமதம். வந்து இறங்கியவர், பிந்தி வந்ததற்கு வெட்கப்பட்டு, விட்டுப்போன பாடத்தையெல்லாம் படித்து முடித்துவிட்டு முகத்தைக் காட்டலாம் என்று அறைக்குள்ளேயே ஒன்பது நாள் இருந்துவிட்டார். அவர் வெளியே வந்தபோது பாடங்களைச் சேர்க்கும் நாள் முடிந்திருந்தது. தடுப்பூசிச் சான்று கொடுக்காததால் அவர் பதிவு நிறுத்தப்பட்டிருந்தது அவருக்கே தெரியாது. ஆறு நாள் தாமதம் ஒரு செமஸ்டராகிவிட்டது. கெட்டிக்கார மாணவர் அவர். அந்த ஒன்பது நாளில் ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், பேசியிருந்தால் போதும் என்று இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அதனால் முதல் நாள் படிப்பை ஒதுக்கி வையுங்கள். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கடவுச்சீட்டைக் காட்டி வருகையைப் பதியுங்கள். உங்கள் மாணவர் கணக்கில் தடுப்பூசி, காப்பீடு, கட்டணம் என்று எந்தத் தடை இருந்தாலும் அன்றே நீக்குங்கள். பாடங்களில் சேருங்கள். முதுகலையில் முழுநேர மாணவர் என்பதற்குப் பெரும்பாலான இடங்களில் ஒன்பது கிரெடிட் கேட்கிறார்கள், உங்கள் இடத்தில் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு பேராசிரியர்களைப் பாருங்கள். மன்னிப்பை ஒரு வரியில் முடித்துக்கொண்டு, ‘தவறிய வகுப்புகளில் சொன்னவற்றுள் ஐந்தாவது வாரத்திலும் தேவைப்படப்போவது எது?’ என்று கேளுங்கள். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் இரண்டு மூன்று செய்திகளுக்கு மேல் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவ்வளவுதான் இருக்கும்.

இந்தக் கேள்வியின் அருமை எனக்குப் பட்டுத் தெரிந்தது. நான் பிந்திப் போய் உட்கார்ந்த முதல் வகுப்பில் பலகை நிறையச் சமன்பாடுகள். ஒவ்வொரு எழுத்தின் காலடியிலும் குட்டிக் குட்டியாகக் குறியெண்கள். கூட்டல் குறி எங்கேயும் இல்லை, ஆனால் கூட்டி வந்த விடை மட்டும் அடுத்த வரியில் இருக்கிறது. எல்லாரும் தலையசைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கற்ற கணிதம் எதுவும் போதாது என்று அன்றிரவு முடிவுக்கே வந்துவிட்டேன். மறுநாள் பக்கத்து இருக்கைக்காரர் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: ஒரு பெருக்கலில் ஒரே குறியெண் இரண்டு முறை வந்தால் கூட்டு என்று பொருள், குறி போட மாட்டார்கள். ஐன்ஸ்டைன் 1916-இல் பழக்கத்துக்குக் கொண்டுவந்த சுருக்கம் அது. முதல் வாரத்தில் சொல்லியிருக்கிறார்கள், நான் இல்லை. முதல் இரண்டு வாரங்களில் தவறவிடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட உடன்படிக்கைகளைத்தான்: என்ன குறியீடு, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எதைச் சொல்லாமலே எடுத்துக்கொள்வார்கள். ஒரு சக மாணவரின் குறிப்பேட்டில் முதல் பத்துப் பக்கங்களைப் படம் எடுத்து, குறியீடுகளை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு அன்றைய வகுப்பிலிருந்து தொடருங்கள். தவறிய வகுப்புகளை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டு இன்றைய வகுப்புக்கு வருவேன் என்று உட்கார்ந்தால், நீங்கள் எட்டிப் பிடிக்கும்போது வகுப்பு இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போயிருக்கும். இன்றைய பாடம், முதல் வீட்டுப்பாடம், அதற்கு எது தேவையோ அந்தப் பழைய பாடம் என்று பின்னோக்கிப் படியுங்கள்.

சிலபஸில் எந்த வீட்டுப்பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றும் பாருங்கள். பல பாடங்களில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒரு வீட்டுப்பாடத்தைக் கணக்கில் விட்டுவிடுவார்கள். அப்படி இருந்தால் முதலாவதை அதற்கே விட்டுவிட்டு இரண்டாவதில் முழு மூச்சாக இறங்குங்கள். சுமை தாங்கவில்லை என்று நான்காவது வாரத்தில் தோன்றினால், நீங்களாக ஒரு பாடத்தை விட்டுவிடாதீர்கள். முழுநேர எண்ணிக்கைக்குக் கீழே போனால் விசா நிலையே பாதிக்கப்படும். தொடக்கத்தில் ஆங்கிலத்திலோ அமெரிக்கக் கற்பித்தல் முறையிலோ சிரமப்படும் மாணவருக்குப் பாடச் சுமையைக் குறைக்க விதியில் இடம் உண்டு. ஆனால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதி முதலில், கைவிடுவது பிறகு. முதல் வாரத் தூக்கத்தை வைத்தும் உங்கள் திறமையை எடைபோட வேண்டாம். நேர வித்தியாசத்தில் ஒவ்வொரு மணிக்கும் ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடல் பழகும். பத்து மணி நேர வித்தியாசம் என்றால் பத்து நாள் வரை பகலில் கண் சொருகும். காலை வெயிலில் அரை மணி நேரம் நடப்பது அதற்கு உதவும்.

‘வரும்வரை இணையத்தில் வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தால் வந்ததாக ஆகாதா?’ என்று கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருக்கிறார். பேராசிரியர் இணைப்பு கொடுத்தால் தாராளமாகக் கேளுங்கள், படிப்புக்கு நல்லது. ஆனால் அது வருகையாகக் கணக்கில் வராது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காகக் கொடுத்த தளர்வு 2023-இல் முடிந்துவிட்டது. இப்போது எஃப்-1 மாணவர் ஒரு செமஸ்டரில் ஒரு பாடத்தை, அதாவது மூன்று கிரெடிட்டை மட்டுமே முழுநேரக் கணக்கில் இணையவழியாகக் காட்டலாம். அந்த ஆண்டுகளில் படித்தவர்கள் சொல்லும் அனுபவம் உண்மைதான், விதி மாறிவிட்டது.

இதைப் படிக்கும் வேறு நாட்டு மாணவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஓராண்டு, பருவங்களும் குறுகியவை. அங்கே இரண்டு வாரம் இன்னும் கனமானது. ஜெர்மனியில் அனுமதிக் கடிதம் பெரும்பாலும் அந்தப் பருவத்துக்கு மட்டுமே. பதிவுக் கெடு தவறினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டி வரலாம்.

விமான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பதை இந்த வாரம் தொடாதீர்கள். பயணச் சீட்டு, ஏறும் அட்டை, தாமதத்தை உறுதி செய்யும் செய்தி, புதிய டிக்கெட்டின் ரசீது ஆகியவற்றைப் படம் எடுத்து ஓர் இடத்தில் வையுங்கள். 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. தனியாக வாங்கிய இரண்டாவது டிக்கெட்டின் பணத்தை முதல் நிறுவனம் தருமா என்பது வாதத்துக்குரியது, அதை நம்பிச் செலவைத் திட்டமிட வேண்டாம். இந்தப் பயணத்தில் பெட்டி வந்து சேராவிட்டால் மட்டும், விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் அங்கேயே புகார்ப் படிவம் எழுதி அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் துறை என்ன, எந்த மூன்று பாடங்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அலுவலகம் இன்று என்ன சொன்னது என்பதோடு அதையும் இங்கே எழுதுங்கள். பொறியியல் பாடமாக இருந்தால் எங்கிருந்து தொடங்கலாம் என்று விமானத்தில் படிக்கும் அளவுக்கு ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன்.